நிலம் யாரிடம் இருந்தது? முதலாளித்துவத்தின் தோற்றமும் நம் வரலாறும்



இந்தச் சொற்பொழிவு எந்தத் தோழரின் நினைவாக நடக்கிறதோ, அவரை நம்மில் பலர் வாசிப்பு வட்டக் கூட்டங்களில்தான் முதலில் சந்தித்தோம். யார் எந்தப் புத்தகத்தைப் பற்றிப் பேசி முடித்தாலும் அவர் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: "அப்ப நிலம் யாருகிட்ட இருந்துச்சு?" பிரெஞ்சுப் புரட்சியைப் பேசினாலும் இதே கேள்வி. சோழர் காலக் கல்வெட்டைப் பேசினாலும் இதே கேள்வி. அப்போது நமக்குள் சிரித்துக்கொண்டோம். இன்று எடுத்துக்கொண்ட பொருளைப் படிக்கப் படிக்க, சரியான கேள்வியைத்தான் அவர் கேட்டுக்கொண்டிருந்தார் என்பது புரிகிறது.

நம் மேடைகளில் அதிகம் புழங்கும் சொற்களில் ஒன்று முதலாளித்துவம். பணக்காரன், பேராசை, கம்பெனி, அமெரிக்கா என்று பல பொருள்களில் அதைச் சொல்கிறோம். அது எங்கே, எப்போது, எதனால் தொடங்கியது என்று கேட்டால் தடுமாறுகிறோம். வெறும் பரீட்சைக் கேள்வியாக இருந்தால் இந்தத் தடுமாற்றத்தால் நட்டமில்லை. ஆனால் இதன் மேல்தான் நம்மிடையே இரண்டு நம்பிக்கைகள் கட்டப்பட்டிருக்கின்றன. முதலாளித்துவம் முழுமையாக வளர்ந்தால் சாதி தானே கரைந்துவிடும், நாமும் முதலாளிகளாகிவிட்டால் விடுதலை என்பது ஒன்று. முதலாளித்துவம் ஒழிந்தால் சாதியும் கூடவே ஒழிந்துவிடும், அதுவரை வர்க்கப் போராட்டம் போதும் என்பது இன்னொன்று. இரண்டும் எதிரெதிராகத் தெரிந்தாலும் இரண்டுக்கும் அடியில் ஒரே எண்ணம்தான் இருக்கிறது: சாதி பழைய காலத்தின் மிச்சம், முதலாளித்துவம் புதிய காலத்தின் இயல்பு, இரண்டும் வேறு வேறு. இந்த எண்ணம் சரிதானா என்பதை வரலாற்றை வைத்துச் சோதித்துப் பார்ப்போம்.

வணிகம் வேறு, முதலாளித்துவம் வேறு

மனிதர்களுக்கு இயல்பிலேயே வாங்கவும் விற்கவும் ஆசை உண்டு, அந்த ஆசைக்கு இருந்த தடைகள் நீங்கியதும் முதலாளித்துவம் மலர்ந்தது என்று ஒரு விளக்கம் நெடுங்காலமாகச் சொல்லப்படுகிறது. ஆடம் ஸ்மித் 1776-இல் எழுதிய நூலிலேயே இதன் விதை இருக்கிறது. பள்ளிப் பாடநூல்கள் இன்றும் ஏறக்குறைய இதைத்தான் சொல்கின்றன: நகரம் வளர்ந்தது, கடல்வழி கண்டுபிடிக்கப்பட்டது, வணிகம் பெருகியது, இயந்திரம் வந்தது.

வணிகம்தான் முதலாளித்துவத்தின் தாய் என்றால் அது நம் கடற்கரையிலேயே பிறந்திருக்க வேண்டும். முசிறியிலிருந்து ரோமுக்கு மிளகு போயிற்று. ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழு கடல் கடந்து தென்கிழக்காசியா வரை போய்வந்தது. வெனிஸும் புளோரன்ஸும் ஐரோப்பாவின் செல்வத்தையே கையில் வைத்திருந்தன. இவை எதிலிருந்தும் முதலாளித்துவம் தானாகப் பிறக்கவில்லை. வணிகர் ஓரிடத்தில் மலிவாக வாங்கி வேறிடத்தில் விலைக்கு விற்றார். அந்தப் பொருள் எப்படி விளைந்தது, யார் விளைவித்தார், எந்த உறவில் விளைவித்தார் என்பதை அவர் மாற்ற வேண்டிய தேவையே இல்லை.

அமெரிக்க வரலாற்றாசிரியர் ராபர்ட் பிரென்னர் 1976-இல் எழுதிய கட்டுரையும், அந்த வழியில் எலன் மெய்க்சின்ஸ் உட் 1999-இல் எழுதிய நூலும் இந்த இடத்தில் நமக்கு உதவுகின்றன. சந்தை என்பது ஒருவருக்குக் கிடைக்கும் வாய்ப்பா, அல்லது அவர் தப்பிக்க முடியாத கட்டாயமா என்று அவர்கள் கேட்கிறார்கள். மூன்று ஏக்கர் சொந்த நிலம் உள்ள குடியானவரை எடுத்துக்கொள்வோம். இந்த ஆண்டு நெல் விலை விழுந்துவிட்டது. அவர் விற்காமல் வீட்டில் வைத்துச் சாப்பிடலாம். சந்தை அவருக்கு ஒரு வாய்ப்பு, அவ்வளவுதான். அதே நிலத்தை ஆண்டுக்கு ஆண்டு ஏலம்போல் ஏறும் குத்தகைக்கு எடுத்தவரால் அப்படி இருக்க முடியாது. விற்றே ஆக வேண்டும், பக்கத்து நிலத்துக்காரரைவிட மலிவாக விளைவித்தே ஆக வேண்டும், இல்லையென்றால் அடுத்த ஆண்டு நிலம் கைமாறிவிடும். அந்த நிலத்தில் கூலிக்குப் போகிறவருக்கோ விற்க உழைப்பைத் தவிர வேறு எதுவும் இல்லை. இப்படி உயிர்வாழ்வதற்கே எல்லோரும் சந்தை வழியாகப் போக வேண்டிய நிலை எந்தச் சமூகத்தில் வருகிறதோ அங்கே முதலாளித்துவம் பிறக்கிறது. ஆசையை வைத்து இதை விளக்க முடியாது. வேறு வழி அடைக்கப்பட்டதால் வந்த நிலை இது.

அடைத்தது யார்?

இங்கிலாந்தின் வேலிகள்

அது முதலில் நடந்த இடம் இங்கிலாந்தின் கிராமப்புறம். ஆலைகள் வருவதற்கு நெடுங்காலம் முன்பே வயல்களில் நடந்தது.

1348-இல் கொள்ளைநோய் இங்கிலாந்தை அடைந்து மக்கள்தொகையில் பெரும் பங்கை அழித்தது. உழைக்க ஆள் கிடைக்காததால் கூலி ஏறியது. உடனே அரசு 1349-இல் ஆணையும் 1351-இல் சட்டமும் போட்டு, நோய்க்கு முன்பிருந்த கூலிக்கு மேல் கேட்பதையும் கொடுப்பதையும் தடைசெய்தது. கூலியைச் சந்தையே தீர்மானிக்கும் என்று இன்று நமக்குப் பாடம் சொல்கிறவர்கள், சந்தை முதன்முதலாக உழைப்பவர் பக்கம் சாய்ந்தபோது அரசு என்ன செய்தது என்பதைச் சொல்வதில்லை.

அந்தச் சட்டத்தால் பண்ணையடிமை முறையைக் காப்பாற்ற முடியவில்லை. குடியானவர்கள் ஓடினார்கள், கலகம் செய்தார்கள், அடிமைக் கட்டுகள் தளர்ந்தன. ஆனால் அவர்கள் பெற்ற விடுதலையோடு நிலம் வரவில்லை. பிரான்சில் சிறு குடியானவர்கள் தங்கள் நிலத்தின் மீது ஓரளவு உறுதியான உரிமையைப் பிடித்து வைத்துக்கொண்டார்கள். இங்கிலாந்தில் நிலத்தின் பெரும்பகுதி பிரபுக்களிடமே தங்கியது. அவர்கள் அதைச் சந்தை விலைக்குக் குத்தகைக்கு விட்டார்கள். நிலக்கிழார், குத்தகை முதலாளி, கூலியாள் என்ற மூன்று அடுக்கு உருவாயிற்று.

இதோடு சேர்ந்து வந்ததுதான் வேலியடைப்பு. ஊர்ப் பொதுநிலம் என்றால் நமக்குத் தெரியும்: மேய்க்கால், புறம்போக்கு, ஏரிக்கரை, காடு. இங்கிலாந்திலும் அப்படித்தான். நிலமில்லாத குடும்பம்கூட அங்கே ஒரு பசுவை மேய்த்தது, விறகு பொறுக்கியது, அறுவடைக்குப் பின் சிதறிய கதிர் பொறுக்கியது. இந்த வேலைகளைச் செய்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். இவை எல்லாம் வழக்கத்தில் இருந்த உரிமைகள். எழுத்தில் இருந்த பத்திரங்கள் அல்ல. ஆட்டு ரோமத்துக்கு விலை ஏறியதும் பிரபுக்கள் இந்த நிலத்தை வளைத்துப் போட்டார்கள். ஆடுகள் மனிதர்களைத் தின்கின்றன என்ற கசப்பான பேச்சை 1516-லேயே தாமஸ் மோர் தன் 'உட்டோப்பியா'வில் பதிந்திருக்கிறார். 1549-இல் நார்ஃபோக் பகுதியில் ராபர்ட் கெட் என்பவரின் தலைமையில் ஏறத்தாழ 16,000 பேர் திரண்டு வேலிகளைப் பிடுங்கி எறிந்தார்கள். கெட் நிலம் உள்ளவர். தன் நிலத்து வேலியைத் தானே முதலில் பிடுங்கிவிட்டுத் தலைமைக்கு வந்தவர். கலகம் ஒடுக்கப்பட்டது, அவரைத் தூக்கிலிட்டார்கள்.

தொடக்கத்தில் அடாவடியாக நடந்தது பிறகு சட்டப்படியே நடந்தது. 1604 முதல் 1914 வரை பிரிட்டிஷ் நாடாளுமன்றம் 5,200-க்கும் மேற்பட்ட வேலியடைப்புச் சட்டங்களை நிறைவேற்றியது. அவற்றால் அடைக்கப்பட்ட நிலம் ஏறத்தாழ 68 லட்சம் ஏக்கர், இங்கிலாந்தின் பரப்பில் ஐந்தில் ஒரு பங்குக்கும் சற்று மேல்.

நிலத்தைவிட்டு விரட்டப்பட்டவர்கள் தாமாக வரிசையில் நின்று கூலிக்குப் போகவில்லை. அலைந்தார்கள், பிச்சை எடுத்தார்கள். அவர்களுக்கும் சட்டம் வந்தது. 1547-ஆம் ஆண்டுச் சட்டம், வேலை செய்ய மறுத்துத் திரிபவரின் உடலில் சூடு போட்டு இரண்டு ஆண்டுகள் அடிமையாக்கலாம் என்றது. அது சில ஆண்டுகளில் கைவிடப்பட்டாலும் சவுக்கடிச் சட்டங்கள் தொடர்ந்தன. முதலாளி கூலியாள் ஒப்பந்தத்தை மீறி வேலையைவிட்டுப் போனால் சிறைக்கு அனுப்பும் சட்டம் இங்கிலாந்தில் 1875 வரை இருந்தது.

மார்க்ஸ் 1867-இல் வெளியிட்ட 'மூலதனம்' முதல் தொகுதியின் கடைசிப் பகுதியில் இதைத்தான் எழுதினார். தொழிலாளி இரண்டு வகையில் 'சுதந்திரமானவர்' என்பது அவருடைய கிண்டல் கலந்த வாதம்: யாருக்கும் அடிமையில்லை, கையில் எதுவும் இல்லை. முதலாளித்துவத்துக்கு இந்த இரண்டும் வேண்டும் என்று பாடநூல்கள் சொல்கின்றன. நம்முடைய கேள்வி இங்கேதான் தொடங்குகிறது. இரண்டும் வேண்டுமா, இரண்டாவது மட்டும் போதுமா?

கப்பலும் பருத்தியும்

இங்கிலாந்தின் வயல்களோடு கதையை முடித்துக்கொண்டால் கூலியாள் மட்டுமே முதலாளித்துவத்தின் தொழிலாளி என்று தோன்றும். அதே இங்கிலாந்தின் லிவர்பூல், பிரிஸ்டல் துறைமுகங்களுக்குப் போனால் வேறு படம் கிடைக்கிறது. ஐரோப்பியக் கப்பல்கள் ஆப்பிரிக்காவிலிருந்து ஏறத்தாழ 1 கோடியே 25 லட்சம் மனிதர்களை ஏற்றின. உயிரோடு அட்லாண்டிக்கின் அக்கரையில் இறங்கியவர்கள் ஏறத்தாழ 1 கோடியே 7 லட்சம். மீதிப்பேர் வழியிலேயே இறந்தார்கள். டிரினிடாட்டில் பிறந்த கறுப்பின வரலாற்றாசிரியர் எரிக் வில்லியம்ஸ் 1944-இல் வெளியிட்ட 'முதலாளித்துவமும் அடிமைமுறையும்' என்ற நூலில், இந்த வணிகத்தின் லாபம் பிரிட்டனின் தொழில் வளர்ச்சிக்கு உரமிட்டது என்று வாதிட்டார். எவ்வளவு உரம் என்பதில் அறிஞர்களுக்குள் இன்னும் விவாதம் உண்டு. அடிமை உழைப்பு அந்தப் பொருளாதாரத்துக்கு வெளியே இருந்த பழங்கால மிச்சம் என்று மட்டும் யாரும் சொல்ல முடியாது.

பருத்தியைப் பாருங்கள். மான்செஸ்டரின் ஆலைத் தொழிலாளி கூலிக்கு வேலை செய்தார். அவர் நூற்ற பருத்தியில் நான்கில் மூன்று பங்குக்கு மேல், அமெரிக்க உள்நாட்டுப் போருக்கு முந்தைய ஆண்டுகளில், தென்மாநிலங்களின் அடிமைப் பண்ணைகளிலிருந்து வந்தது. ஒரே நூலின் ஒரு முனையில் கூலி, மறுமுனையில் சவுக்கு. பண்ணை முதலாளிகள் கணக்குப் புத்தகம் வைத்திருந்தார்கள், அடிமைகளை அடமானம் வைத்துக் கடன் வாங்கினார்கள், காப்பீடும் எடுத்தார்கள். 1781-இல் 'சாங்' என்ற கப்பலின் மாலுமிகள் 130-க்கும் மேற்பட்ட ஆப்பிரிக்கர்களைக் கடலில் தள்ளினார்கள். உரிமையாளர்கள் அவர்களைச் சரக்காகக் காட்டிக் காப்பீட்டுத் தொகை கேட்டு வழக்காடினார்கள். லண்டன் நீதிமன்றத்தில் 1783-இல் நடந்த அந்த வழக்கு கொலை வழக்கல்ல, பண வழக்கு.

1833-இல் பிரிட்டன் அடிமை ஒழிப்புச் சட்டம் இயற்றியது. ஏறத்தாழ 8 லட்சம் பேர் விடுவிக்கப்பட்டார்கள். அதற்காக 2 கோடி பவுண்டு நட்டஈடு கொடுக்கப்பட்டது. அன்றைய அரசின் ஓராண்டுச் செலவில் ஏறத்தாழ 40 விழுக்காடு. கொடுக்கப்பட்டது அடிமைகளுக்கு அல்ல, அடிமைகளை வைத்திருந்தவர்களுக்கு. அதற்கு வாங்கிய கடன் 2015-இல்தான் முழுமையாக அடைபட்டது. விடுதலை பெற்றவர்களுக்கு ஒரு காசும் இல்லை, ஒரு குழி நிலமும் இல்லை.

அந்தச் சட்டத்தில் ஒரு விதிவிலக்கு இருந்தது. கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சிப் பகுதிகளுக்கும் இலங்கைக்கும் செயின்ட் ஹெலினா தீவுக்கும் அது பொருந்தாது. கம்பெனிப் பகுதி என்பதில் சென்னை மாகாணமும் அடக்கம். அப்படியானால் இங்கே விலக்கிக் காக்கப்பட்ட அடிமைமுறை எது?

வேலி இல்லாமலே நிலமற்றவர்கள்

அது நமக்குத் தெரிந்த முறைதான். செங்கல்பட்டிலும் தஞ்சையிலும் மிராசி ஊர்களில் நிலத்தின் மீதான உரிமை பெரும்பாலும் வெள்ளாளர், பிராமணர் கையில் இருந்தது. உழைத்தவர்கள் பறையர்களும் பள்ளர்களும். பண்ணையாள், படியாள், அடிமை என்று ஊருக்கு ஊர் பெயர் மாறும். சில இடங்களில் நிலத்தோடு சேர்த்து ஆளையும் விற்றார்கள், சில இடங்களில் ஆளை மட்டும் அடகு வைத்தார்கள். வருவாய் வாரியம் 1819-இல் மாவட்ட ஆட்சியர்களிடம் கேட்டு வாங்கிய அறிக்கைகளில் இவை பதிவாகியிருக்கின்றன. கம்பெனிக்கு இது தெரியாமல் இல்லை. சாகுபடி நின்றால் நிலவரி நிற்கும் என்ற கவலைதான் பெரிதாக இருந்தது.

நம்முடைய இடதுசாரி வரலாற்றெழுத்தில் நெடுங்காலம் வேறொரு கதை செல்வாக்கோடு இருந்தது. ஆங்கிலேயருக்கு முன் கிராமங்கள் தன்னிறைவாக இருந்தன, ஆங்கிலேயரின் வரியும் ஆலைத்துணியும் வந்து குடியானவர்களையும் கைவினைஞர்களையும் அழித்தன, அப்படி அழிந்தவர்களே நிலமற்ற கூலிகள் ஆனார்கள் என்பது அந்தக் கதை. சுரேந்திர படேல் 1952-இல் வெளியிட்ட நூல் இதை விரிவாக வாதிட்டது. தர்மா குமார் 1965-இல் வெளியிட்ட 'தென்னிந்தியாவில் நிலமும் சாதியும்' என்ற ஆய்வு இதை மறுத்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே, ஆங்கில ஆட்சி கால் ஊன்றுவதற்கு முன்பே, நிலமற்ற உழைப்பாளர்கள் இங்கே பெரும் எண்ணிக்கையில் இருந்தார்கள். அவர்கள் குறிப்பிட்ட சாதிகளைச் சேர்ந்தவர்களாகவே இருந்தார்கள்.

இந்த விவாதத்தை அறிஞர்களின் சண்டை என்று ஒதுக்கிவிட முடியாது. முதல் கதையை ஏற்றால், நம் முன்னோர் நிலமிழந்ததற்குக் காரணம் வெள்ளைக்காரன். வெள்ளைக்காரன் போனதும் கணக்குத் தீர்ந்துவிட்டது. இரண்டாவதை ஏற்றால், அந்தக் கணக்கை உள்ளூரில்தான் கேட்க வேண்டும்.

இங்கிலாந்தோடு ஒப்பிட்டால் வேறுபாடு தெளிவாகும். ஒரு பெரும் மக்கள்திரளை நிலத்திலிருந்து பிரிக்க அங்கே முந்நூறு ஆண்டு வேலியும் சட்டமும் தூக்குமேடையும் தேவைப்பட்டன. இங்கே அந்த வேலையைச் சாதி ஏற்கெனவே செய்து முடித்திருந்தது. இன்ன பிறப்பினருக்கு நிலம் கூடாது என்பது வழக்கம். ஊர் வேறு, சேரி வேறு என்பதே வேலி. எல்லா ஊரிலும் ஒரே மாதிரி இருந்தது என்று நாம் சொல்லவில்லை. வெட்டியான் மானியம் பெற்றவர்கள் இருந்தார்கள், வறண்ட மாவட்டங்களில் சிறு நிலம் வைத்திருந்தவர்கள் இருந்தார்கள். நன்செய்ப் பகுதிகளின் பொது நிலை இதுதான்.

இன்னொரு வேறுபாடும் உண்டு. இங்கிலாந்தில் நிலம் போனபோது பிரபுவின் கட்டும் போனது. இங்கே நிலமும் இல்லை, கட்டும் அவிழவில்லை. மார்க்ஸ் சொன்ன இரண்டு 'சுதந்திரங்களில்' கையில் எதுவும் இல்லாத சுதந்திரம் மட்டும் நமக்கு வாய்த்தது.

1843-இல் ஐந்தாம் சட்டம் வந்தது. ஒருவரை அடிமை என்று உரிமை கொண்டாடினால் நீதிமன்றம் அதை ஏற்காது என்றது. மேற்கிந்தியத் தீவுகளில் நடந்ததுதான் இங்கும்: நிலம் இல்லாத விடுதலை. நேற்று அடிமை என்று எழுதிய இடத்தில் இன்று முன்பணம் என்று எழுதினார்கள். கல்யாணத்துக்கு வாங்கிய கடன் பிள்ளையின் தலையில் ஏறியது. குடியிருக்கும் மனையும் மிராசுதாருடையது என்பதால், வேலையைவிட்டால் வீட்டையும் விட வேண்டும்.

மலைக்குப் போனவர்கள்

கடல் கடந்த தோட்டங்களில் அடிமைமுறை முடிந்த அதே ஆண்டுகளில் அங்கே ஆள் தேவைப்பட்டது. 1834 முதல் மொரீசியஸ், பிறகு மேற்கிந்தியத் தீவுகள். 1860-இல் 'ட்ரூரோ' என்ற கப்பல் 300-க்கும் மேற்பட்டவர்களோடு சென்னையிலிருந்து புறப்பட்டு நவம்பர் 16 அன்று டர்பன் துறைமுகத்தை அடைந்தது. இலங்கையின் மலைகளில் முதலில் காப்பி, 1869-இல் இலைநோய் தொடங்கிக் காப்பி அழிந்த பிறகு தேயிலை. மலேயாவில் ரப்பர். பல சாதியினரும் போனார்கள். இலங்கை, மலேயாத் தோட்டங்களுக்குப் போனவர்களில் நம் மக்கள் பெரும் பங்கு.

அவர்கள் 'சுதந்திரக் கூலிகள்' என்றுதான் தாள்களில் எழுதப்பட்டது. நடந்தது வேறு. கங்காணி ஊருக்கு வந்து முன்பணம் கொடுத்து ஆள் சேர்த்தார். வழிச்செலவும் அரிசியும் கம்பளியும் கணக்கில் ஏறின. தோட்டம் மாற வேண்டுமென்றால் கடன் தொகை எழுதிய 'துண்டு' வேண்டும். அந்தத் தொகையைப் புதிய தோட்டம் கட்டினால்தான் ஆள் விடுபடுவார். ஓடினால் குற்றம். இலங்கையில் 1865-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் அதற்குச் சிறைத்தண்டனை வைத்திருந்தது. இந்தியாவில் முன்பணம் வாங்கி வேலைக்கு வராதவரைச் சிறைக்கு அனுப்பும் சட்டம் 1859-இல் வந்து 1920-களின் நடுப்பகுதி வரை நீடித்தது. தலைமைக் கங்காணிகள் பெரும்பாலும் பிற சாதியினர். லயத்திலும் சாதி வாழ்ந்தது. தேயிலையோ லண்டன் சந்தையில் விற்றது. உலகச் சந்தையின் நடுவில் நின்ற அந்தத் தோட்டத்தைவிட முதலாளித்துவமான இடம் வேறு எது? அதற்குள் சாதியும் கடன்கட்டும் சிறையும் ஒன்றாக இருந்தன.

இதன் மறுபக்கத்தையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். மிராசுதார்கள் இந்தப் புலப்பெயர்வை விரும்பவில்லை, ஆள் கிடைக்கவில்லை என்று புலம்பினார்கள். கப்பல் ஏறியது பலருக்குத் தப்பித்தலாகவும் இருந்தது. கோலார் தங்க வயலுக்கு வடஆர்க்காட்டிலிருந்து நடந்துபோனவர்கள் சுரங்கத்தின் ஆழத்தில் நுரையீரலைக் கொடுத்தார்கள். கையில் காசாகக் கூலி வாங்கினார்கள், சங்கம் கட்டினார்கள், பள்ளி நடத்தினார்கள். அயோத்திதாசர் 1907-இல் தொடங்கிய இதழை வாங்கிப் படித்துத் தாங்கியவர்களில் அந்தத் தங்கவயல் தொழிலாளர்களும் இருந்தார்கள். ஊரைவிட்டு வெளியேற வழி திறந்தபோது நம் மக்கள் அதைப் பயன்படுத்தினார்கள். அதை முதலாளித்துவம் தந்த கொடை என்று சொல்லத் தேவையில்லை. அவர்களே எடுத்துக்கொண்டது அது.

ஆலைக்குள் சாதி

ஆலை வந்தால் சாதி போகும் என்ற நம்பிக்கைக்குப் பம்பாய்ப் பஞ்சாலைகள் பதில் சொல்லின. அங்கே கூலி அதிகம் கிடைத்த நெசவுப் பிரிவில் தீண்டப்படாதவர்களைச் சேர்க்கவில்லை. அறுந்த நூலை எச்சில் தொட்டு இணைக்க வேண்டும், அவர்கள் எச்சில் பட்ட நூலை நாங்கள் தொட மாட்டோம் என்றார்கள் சக தொழிலாளர்கள். 1928 வேலைநிறுத்தத்தின்போது அம்பேத்கர் இந்தப் பிரச்சினையைத் தொழிற்சங்கத் தலைவர்கள் முன் வைத்தார். 1936-இல் எழுதிய 'சாதி ஒழிப்பு' நூலில், சாதி வேலையை மட்டும் பிரிக்கவில்லை, வேலை செய்கிறவர்களையே படிநிலையாகப் பிரிக்கிறது என்று விளக்கினார். 1938-இல் மன்மாடில் ரயில்வேத் தொழிலாளர் மாநாட்டில் பார்ப்பனியம், முதலாளித்துவம் என்ற இரண்டையும் எதிரிகளாக அறிவித்தார். இரண்டையும் அவர் ஒன்றாகக் குழப்பவில்லை, ஒன்று போனால் மற்றது போகும் என்றும் சொல்லவில்லை. 1947-இல் எழுதிய 'மாநிலங்களும் சிறுபான்மையினரும்' என்ற ஆவணத்தில் நிலத்தை அரசுடைமையாக்கி, சாதி வேறுபாடின்றிக் கூட்டாகச் சாகுபடி செய்யத் தர வேண்டும் என்று கேட்டார். அவரும் நிலம் யாரிடம் என்ற கேள்விக்குத்தான் வந்து சேர்ந்தார்.

நிலம் திரும்பக் கேட்டவர்கள்

1891-இல் செங்கல்பட்டு ஆட்சியர் டிரெமென்ஹீர், அம்மாவட்டப் பறையர்களின் நிலை பற்றி அரசுக்கு ஓர் அறிக்கை எழுதினார். தரிசு நிலம் கேட்டு நம் மக்கள் தர்க்காஸ்து கொடுத்தால், முன்னுரிமை எங்களுக்கே என்று மிராசுதார்கள் தடுத்தார்கள். தாங்கள் உழாத நிலத்தையும் இவர்கள் உழக் கூடாது என்பதுதான் நோக்கம். நிலம் கிடைத்தால் ஆள் கிடைக்காது என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. வேலியடைத்த ஆங்கிலேயப் பிரபுவுக்குத் தெரிந்திருந்ததும் இதேதான்.

அந்த அறிக்கைக்குப் பின் 1892-இல் வந்த அரசாணையின் வழியாக நம் மக்களுக்கு ஒதுக்கப்பட்டவையே பஞ்சமி நிலங்கள். பத்து ஆண்டுகளுக்கு விற்கக் கூடாது, அதன் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கு மட்டுமே விற்கலாம் என்பது நிபந்தனை. மொத்தம் 12 லட்சம் ஏக்கர் என்று நம் இயக்கங்கள் சொல்லி வருகின்றன. அதில் பெரும்பகுதி இன்று யார் கையில் இருக்கிறது என்பதை இந்த அரங்கில் விளக்க வேண்டியதில்லை. 1994 அக்டோபரில் காரணை கிராமத்துப் பஞ்சமி நிலத்தை மீட்கக் கிளம்பிய போராட்டத்தில் ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இரண்டு தோழர்கள் செங்கல்பட்டில் காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தார்கள். அதற்கு 26 ஆண்டுகளுக்கு முன், 1968 டிசம்பர் 25 இரவில், கீழ்வெண்மணியில் 44 பேர் குடிசைக்குள் வைத்துக் கொளுத்தப்பட்டார்கள். அங்கே கேட்டது கூடுதல் கூலி நெல். இங்கே கேட்டது நிலம். நிலம் கேட்டாலும் கூலி கேட்டாலும் ஒரே பதில் கிடைத்தது.

இன்றைய கணக்கைப் பாருங்கள். 2011 கணக்கெடுப்பின்படி இந்திய மக்கள்தொகையில் பட்டியல் சாதியினர் 16.6 விழுக்காடு. 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி அவர்கள் கையில் உள்ள சாகுபடிப் பரப்பு 9 விழுக்காட்டுக்கும் குறைவு. நிலமற்ற அந்தக் குடும்பங்களிலிருந்துதான் செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் முன்பணம் வாங்கிக்கொண்டு போகிறார்கள். கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976-இல் வந்தது. சூளை முதலாளி கையில் நவீனக் கைப்பேசி இருக்கிறது, வங்கிக் கடன் இருக்கிறது, அவருடைய கல் அடுக்குமாடிகளுக்குப் போகிறது. அங்கே ஆளைக் கட்டிவைத்திருப்பது கங்காணியின் துண்டுக்குப் பேரன். மேற்கு மாவட்ட நூற்பாலைகளில் 'சுமங்கலித் திட்டம்' என்ற பெயரில், மூன்றாண்டு முடித்தால் கல்யாணச் செலவுக்கு மொத்தத் தொகை என்று சொல்லி நம் வீட்டுப் பெண்பிள்ளைகளை விடுதிக்குள் அடைத்து வேலை வாங்கியதும் நாம் கண்ட வரலாறு.

நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது

ஆக, முதலாளித்துவத்தின் தன்மை என்ன? உயிர்வாழ வேறு வழியில்லாத மனிதர்கள் அதற்கு வேண்டும். அவர்களை எப்படி அந்த நிலையில் வைத்திருப்பது என்பதில் அதற்குக் கொள்கைப் பிடிவாதம் இல்லை. இங்கிலாந்தில் வேலி, அட்லாண்டிக்கில் சங்கிலி, தமிழகத்தில் சாதியும் கடனும். கிடைத்த கருவியை அது எடுத்துக்கொண்டது. சாதியை அது படைக்கவில்லை, ஆகவே அது போனால் சாதி தானாகப் போகாது. சாதியால் அது லாபம் பார்க்கிறது, ஆகவே அது வளர்ந்தாலும் சாதி தானாகக் கரையாது. நம் பிள்ளைகளில் சிலர் தொழில் முனைவோர் ஆவது நல்லதுதான், நாம் மகிழ்வோம். சூளையில் இருக்கும் குடும்பத்துக்கு அது விடை ஆகாது.

மாணவ நண்பர்களுக்கு ஒரு வேலை. இந்த உரையை ஏற்பதும் மறுப்பதும் உங்கள் உரிமை. ஊருக்குப் போகும்போது கிராம நிர்வாக அலுவலகத்தில் 'அ' பதிவேட்டைக் கேட்டுப் பாருங்கள். தர மறுத்தால் தகவல் உரிமைச் சட்டத்தில் எழுதிக் கேளுங்கள். உங்கள் ஊரில் பஞ்சமி நிலம் எந்தச் சர்வே எண்ணில் இருக்கிறது, இன்று யார் பெயரில் பட்டா இருக்கிறது, மேய்க்கால் புறம்போக்கு எவ்வளவு இருந்தது, இன்று எவ்வளவு என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். வீட்டுப் பெரியவர்களிடம் யார் கொழும்புக்குப் போனார், யார் தங்கவயலுக்குப் போனார், எதற்காகப் போனார் என்று கேட்டு அதற்கு அடுத்த பக்கத்தில் எழுதுங்கள். அடுத்த ஆண்டு இதே நாளில் அந்த நோட்டுகளோடு கூடுவோம். நம் தோழர் கேட்டுக்கொண்டிருந்த கேள்விக்கு ஊர் ஊராகப் பதில் வைப்போம்.

ஜெய் பீம்.